ஒன்பதாம் நம்பர் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை

குடும்பத்தோடு வா, கூட்டாளிகளோடு வா, பத்துப் பேராக வந்து ஒரே அறையில் பாய் விரித்துப் படு, யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஒற்றை ஆளாக வந்து நின்றால் மட்டும் தேரடித் தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த லாட்ஜில் மானேஜர் வேணுவின் முகம் சுருங்கிவிடும். ‘தனி நபர்களுக்கு அறை இல்லை’ என்று பெயிண்டில் எழுதியே மாட்டியிருந்தார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்று நாலில், ஆம்பூர் பக்கத்திலிருந்து ஒருவர் தனியாக வந்து தங்கினார். “நல்லா தூங்கணும்மா, யாரும் எழுப்பாதீங்க” என்று அறைகளைப் பெருக்கும் திரௌபதியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். பாவம், கிரிவலம் போய் மலை சுற்றிய களைப்பு என்று நினைத்து அவளும் அந்தப் பக்கமே போகவில்லை. மறுநாள் மத்தியானம் கதவை உடைத்தபோது தலைமாட்டில் காலி மாத்திரைப் பட்டைகள் கிடந்தன. அவருடைய பெண்டாட்டி வந்து, “ஒரு தடவ தட்டிப் பாத்திருக்கக் கூடாதாம்மா?” என்று திரௌபதியைக் கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த ஒரு கேள்வி திரௌபதியின் வயிற்றில் அப்படியே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு முதலாளி பலராமன் ஒரு காரியம் செய்தார். மாடியில் கடைசியாக இருந்த ஒன்பதாம் நம்பர் அறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துவிட்டார். தட்டிக்கழிக்க முடியாமல் தனி ஆளுக்கு அறை கொடுக்க நேர்ந்தால் அந்த அறைதான். மூன்று வேளையும் போய்க் கதவைத் தட்ட வேண்டும். உள்ளேயிருந்து குரல் வராவிட்டால் மாற்றுச் சாவி போட்டுத் திறந்து பார்க்க வேண்டும். அது திரௌபதியின் பொறுப்பு. இந்த ஏற்பாட்டைப் பற்றித் தங்குகிறவர்களிடம் யாரும் மூச்சு விடுவதில்லை.

ஆவணிப் பௌர்ணமி கழிந்து நாலைந்து நாள் இருக்கும். கூட்டமெல்லாம் வடிந்து லாட்ஜ் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. திரௌபதி படியோரம் உட்கார்ந்து, தைல வாடை போகாத போர்வைகளை வெளுக்கப் போட மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். காலை பத்து மணிக்கு ஓர் அம்மாள் ரெக்சின் பையோடு வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கஞ்சி போட்ட புடவை, இறுக்கிப் போட்ட கொண்டை.

“ஒரு ரூம் வேணுங்க. மூணு நாளைக்கு.”

“கூட யாரு வர்றாங்க?” என்று கேட்டான் வேணு.

“யாரும் வரல.”

“தனியா வந்தா குடுக்கறதில்லைங்களே.”

அந்த அம்மாள் ஓர் அடையாள அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஆதிலட்சுமி, அரசுப் பள்ளி ஆசிரியை, கீழ்பென்னாத்தூர். வேணு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“கீழ்பென்னாத்தூரா? பஸ் ஏறுனா முக்கா மணி நேரத்துல வூட்டுக்குப் போயிடலாமே டீச்சர்!”

“அது எனக்குத் தெரியும். ரூம் இருக்கா, இல்லையா?”

அது வகுப்பறைக் குரல். வேணு எட்டாவதோடு நின்றவன். எழுந்து நின்று கை கட்டாத குறையாக ரிஜிஸ்டரைத் திறந்தான். ஆனாலும் அவசரத்துக்கு ஒரு போன் நம்பர் எழுதாமல் சாவி தர மாட்டேன் என்று மட்டும் பிடிவாதமாக நின்றான். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வீட்டுக்குப் பக்கத்து அரிசி மண்டியின் நம்பரை எழுதினாள்.

ஒன்பதாம் நம்பர் சாவியை வாங்கிக்கொண்டு சொன்னாள்: “ஒரே ஒரு விஷயம். மூணு நாளும் யாரும் கதவத் தட்டக் கூடாது. பெருக்க வேணாம், பெட்ஷீட் மாத்த வேணாம், காபி டீ எதுவும் வேணாம். என்ன தனியா விட்டாப் போதும்.”

வேணு திரௌபதியைப் பார்த்தான். திரௌபதி வேணுவைப் பார்த்தாள். ஆம்பூர்க்காரரும் இதைத்தான் சொன்னார்.

இனி ஒரு தடவை அந்தக் கேள்வியைக் காதால் கேட்கத் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் அன்றைக்கு முழுக்க அவள் செய்ததைத் தொந்தரவு என்று சொன்னால் அது கம்மி. அரை மணிக்குள் குடிதண்ணீர்க் கூஜாவோடு போய்த் தட்டினாள். “வேணாம்மா” என்று குரல் வந்தது. அப்பாடா என்று இறங்கினாள். பன்னிரண்டு மணிக்கு சோப்பு. இரண்டு மணிக்குத் துண்டு. மூன்றரைக்கு, “பல்ப் எரியுதாங்க டீச்சர்?” நல்ல வெயில் நேரத்தில் பல்பு எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன! உள்ளேயிருந்து குரல் வர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

அந்தத் தடவை கதவு திறந்தது.

“இந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் எங்கம்மா?”

“ரிப்பேருங்க டீச்சர். ஆசாரிகிட்ட சொல்லியிருக்கு” என்று திரௌபதி கண் கொட்டாமல் பொய் சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது. நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் கொசுவத்தியோடு கடைசியாக ஒரு தடவை தட்டினாள். ஆதிலட்சுமி வெளியே வந்தாள். இமை வீங்கியிருந்தது.

“உனக்கு என்னதாம்மா வேணும்? சத்தம் கேட்டாலே எனக்குத் தூக்கிவாரிப் போடுது. கையெடுத்துக் கும்பிடறேன், இதோட வராதே.”

ஒரு டீச்சர் தன்னைப் பார்த்துக் கும்பிட்டது திரௌபதிக்குத் தாங்கவில்லை. அடி அண்ணாமலையில் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் சோறு இறங்கவில்லை. வெறுத்தால் வெறுத்துவிட்டுப் போகட்டும், உயிரோடு இருந்து வெறுக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் எட்டரை மணிக்கெல்லாம் வந்து நேரே மாடிக்குப் போனாள். தட்டவில்லை. கதவில் காதை வைத்தாள். உள்ளே அழுகிற சத்தம். சாதாரண அழுகை இல்லை. வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுகிற அழுகை. ஒரே ஓட்டமாகக் கீழே வந்தாள்.

“வேணு, டீச்சர் அழுவுதுப்பா. அவங்க வூட்டுக்குப் போன் போடு.”

“தொந்தரவு பண்ணாதேன்னு அந்தம்மா அவ்வளவு சொல்லிச்சே திரௌபதி.”

“ஆம்பூர்க்காரரும்தான் சொன்னாரு. நீ போடறியா, நான் போடவா?”

வேணு போனைக் கையில் எடுத்தான். திரௌபதி மாற்றுச் சாவியை ஆணியிலிருந்து பிடுங்கிக்கொண்டு மறுபடி மேலே ஓடினாள். தட்டினாள். அழுகை சட்டென்று நின்றது. பதில் இல்லை. இரண்டாம் முறை தட்டினாள், மூன்றாம் முறையும் தட்டினாள். அப்போதும் பதில் இல்லை. சாவியைப் போட்டுத் திருகித் தோளால் தள்ளினாள். முட்டுக் கொடுத்திருந்த நாற்காலி தடாலென்று விழுந்தது.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் ஆதிலட்சுமி உட்கார்ந்திருந்தாள். கொண்டை அவிழ்ந்து தோளெல்லாம் முடி. மடியில் ஒரு நீலத் தாவணி, பள்ளிக்கூடத்துப் பெண்கள் போடுவது. அதன் ஒரு முனை வாயில் இருந்தது. அவள் கூச்சல் போடவில்லை. கதவைத் திறந்தவளை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். குளிக்கிற இடத்துக்குள் யாரோ புகுந்துவிட்டதைப் போலத் தாவணியை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

திரௌபதியின் கண் மட்டும் ஓடியது. மேஜைமேல் ரொட்டிப் பொட்டலம், ரெண்டு வாழைப்பழம். கயிறு இல்லை, மாத்திரை இல்லை, பாட்டில் இல்லை. மேலே மின்விசிறியையும் பார்த்தாள். அந்தப் பார்வையை ஆதிலட்சுமியும் பார்த்துவிட்டாள்.

“நான் சாக வரலம்மா” என்றாள். “அழ வந்தேன்.”

திரௌபதி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எம் பொண்ணு மணிமொழி. பிளஸ் ஒன் படிச்சா. நெலத்துல மல்லாட்டச் செடி பிடுங்கற அன்னைக்கு ஆளுங்களுக்கு டீ எடுத்துக்கினு போனவள, பாம்பு கடிச்சுடுச்சு. பத்து மாசம் ஆச்சு.” பாடம் ஒப்பிப்பதைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “வூட்ல பதினோரு பேரு. எல்லாரும் நல்லவங்க. ஒருத்தரைக் குத்தம் சொல்ல முடியாது. நான் கண்ண கசக்கினாப் போதும், மாமியார் மார்ல அடிச்சுக்கறாங்க. ஓரகத்தி ரெண்டு பேரும் தண்ணி எடுத்துக்கினு ஓடி வராங்க. எங்க வூட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்துடுது. நான் அழுவறத விட்டுட்டு அவங்களத் தேத்தணும். பாத்ரூம்ல ரெண்டு நிமிஷம் ஜாஸ்தி ஆனா கதவத் தட்டறாங்க. ஸ்கூல்ல முந்நூறு புள்ளைங்க. நான் எங்க போய் அழுவறது, சொல்லு? அவளுக்காக எல்லாரும் அழுதுட்டாங்க. என் முறை மட்டும் இன்னும் வரவே இல்ல.”

வேலூரில் மூன்று நாள் பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தாளாம். “நேத்து முழுக்க நீ தட்டிக்கினே இருந்த. வர்றப்போ எல்லாம் நிறுத்திட்டு, உனக்குப் பதில் சொல்லணுமேன்னு தொண்டையைச் சரி பண்ணிக்கினேன். இன்னைக்குக் காலையிலதான் கொஞ்சம் அழுக வந்துச்சு.”

அடப் பாவி, நான் என்ன காரியம் செய்தேன் என்று திரௌபதி தலையில் அடித்துக்கொண்டாள். “அழுவுங்க டீச்சர். வாயில துணி எதுக்கு, நல்லா வாய் விட்டு அழுவுங்க. நான் வெளிய உக்காந்திருக்கேன். இன்னைக்கும் நாளைக்கும் ஒரு ஈ காக்கா இந்தப் பக்கம் வராது. நான் ஆச்சு” என்றாள். சொல்லிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள். அப்புறம்தான் போன் ஞாபகம் வந்தது.

படி தடுக்கக் கீழே ஓடினாள். வேணு ரிசீவரை வைத்துவிட்டுத் தெம்பாக உட்கார்ந்திருந்தான்.

“சொல்லிட்டேன். குடும்பமே வேன் எடுத்துக்கினு கெளம்புது.”

“திரும்பப் போடு. வர வேணாம்னு சொல்லு. டீச்சர் நல்லா இருக்குன்னு சொல்லு, போடுப்பா!”

போட்டான். அரிசி மண்டிக்காரர், வேன் தெரு முனை தாண்டிவிட்டது என்றார்.

திரௌபதி மெல்ல மாடி ஏறினாள். எப்படியாவது சொல்லிவிட வேண்டும். வேன் வருவதற்குள் வேறு லாட்ஜுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். தனி ஆளுக்கு வேறு எவன் கொடுப்பான்? ஒன்பதாம் நம்பர் வாசலுக்கு வந்தபோது உள்ளே அழுகை மாறியிருந்தது. இப்போது துணி இல்லை. “மணீ... எம் மணீ...” என்று அடித்தொண்டையிலிருந்து, பத்து மாதம் அடக்கி வைத்தது அத்தனையும் வந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டத் தூக்கிய திரௌபதியின் கை தூக்கியபடியே நின்றது.

தட்டினால் அந்த அழுகை நின்றுவிடும். தட்டாவிட்டால் அரை மணியோ முக்கால் மணியோ அவளுக்கு மிச்சம். கையை இறக்கிவிட்டுக் கதவுக்கு முன்னால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். இது இரக்கமா, சொல்ல வாயில்லாத கோழைத்தனமா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் நம்பர்க்காரர் எட்டிப் பார்த்து, “என்னம்மா சத்தம்?” என்றார். “ஒண்ணுமில்ல சார், நீங்க உள்ள போங்க” என்று விரட்டினாள். தெருவில் எந்த வண்டி சத்தம் கேட்டாலும் எழுந்து எட்டிப் பார்த்தாள். இது இல்லை, இது இல்லை என்று எண்ணிக்கொண்டே இருந்தாள்.

வந்துவிட்டது. வேன் கதவு திறக்கும் முன்பே ஒப்பாரி கேட்டது. திரௌபதி எழுந்து போய்ப் படி வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். முன்னால் மாமியார் ஜோதியம்மாள், பின்னால் டீச்சரின் கணவர் சுப்பிரமணி, அதற்குப் பின்னால் கொழுந்தன்கள், ஓரகத்திகள். எல்லார் முகத்திலும் கலவரம்.

“அவங்களுக்கு ஒண்ணும் ஆவலங்க. நல்லா இருக்காங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன், கொஞ்ச நேரம் கீழ உக்காருங்க. அழுது முடிக்கட்டும்.”

“எம் மருமவ கத்தறது தெருவுக்குக் கேக்குது, என்ன கீழ உக்காரச் சொல்றியா? யாருடி நீ?” ஜோதியம்மாள் அவள் கையைத் தள்ளிவிட்டு ஏறினாள். பதறி ஓடி வந்தவர்களை ஒரு பொம்பளை எத்தனை நேரம் நிறுத்த முடியும்?

ஒன்பதாம் நம்பர் கதவுக்குத்தான் தாழ்ப்பாள் இல்லையே. முதல் ஆள் தள்ளியதும் திறந்துகொண்டது.

அழுகை பாதியில் நின்றது. ஆதிலட்சுமி வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவர்களுக்குப் பின்னால் நின்ற திரௌபதியையும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தாவணியை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். முடியை அள்ளிக் கொண்டை போட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அதற்குள் ஜோதியம்மாள், “பேத்தியக் குடுத்தது போதாதா, உன்னையும் குடுக்கணுமா” என்று தரையில் விழுந்து மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். சுப்பிரமணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார்.

“எனக்கு ஒண்ணுமில்லீங்க. இங்க பாருங்க, நல்லாத்தான் இருக்கேன். மூச்ச நல்லா இழுத்து விடுங்க” என்று ஆதிலட்சுமி அவர் சட்டைப் பொத்தானைத் தளர்த்தினாள். குனிந்து மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அத்த, போதும். அடிச்சுக்காதீங்க அத்த. எழுந்திருங்க.” ஓரகத்திகளின் கண்ணைத் துடைத்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று எல்லாரையும் ஒவ்வொருவராகக் கிளப்பினாள்.

கடைசியாகப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். திரௌபதி வழியை விட்டு நகரவில்லை.

“நான்தான் டீச்சர் போன் போடச் சொன்னேன். எனக்குத் தெரியாமப் போச்சு. நாளைக்கும் ஒரு நாள் இருந்துச்சே உங்களுக்கு... நான் பாவி...” அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றாள். ஆனால் தேம்பித் தேம்பி அழத்தான் முடிந்தது.

ஆதிலட்சுமி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். தன் முந்தானையை எடுத்துத் திரௌபதியின் கன்னத்தைத் துடைத்தாள்.

“சரி, சரி. ஒண்ணுமில்ல” என்றாள். “நீ அழாதேம்மா.”