உள்ளே ஆள் இருக்கு

அமரர் ஊர்தி பின்பக்கமாகவே தெருவுக்குள் நுழைந்தது. குறுகலான தெரு, உள்ளே வந்தால் திருப்ப முடியாது என்று யாரோ டிரைவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதனால் எல்லார் கண்ணிலும் முதலில் பட்டது நம்பர் பிளேட்தான். சுவரோரம் நின்றிருந்த அப்பாவின் கூட்டாளிகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அதைப் படித்தார்கள். படித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். 

வாசலில் நின்ற மகள் அதைக் கவனித்தாள். அந்தப் பார்வையை அவள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாள்.

தவணை கட்டாத வண்டிகளைத் தேடிப் பிடித்து, நிதி கம்பெனியின் யார்டில் கொண்டுபோய் விடுவது அவர்கள் தொழில். சீசிங் என்பார்கள். வண்டியைப் பறிகொடுத்தவர்கள் வேறு பெயரும் வைத்திருக்கிறார்கள், அதை எழுத முடியாது. கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வந்த காரின் நம்பரைப் பார்க்கிற ரகம். அவர்களுக்கெல்லாம் மூத்தவர் அப்பா. நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர், குழாயைத் திறந்த கையோடு அங்கேயே சரிந்துவிட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர் வீணானாலும் வீட்டை இரண்டாக்குகிற மனிதர், குழாயை மூடாமல் போனது அதுதான் முதல் தடவை.

அவள் கொக்கியிடம் போனாள். அப்பாவோடு எப்போதும் ஒரே பைக்கில் அலைந்தவர், அவளுக்குச் சித்தப்பா முறை. எந்த வண்டியையும் கொக்கி போட்டு இழுத்துவிடுவார் என்பதால் அந்தப் பெயர்.

"என்ன சித்தப்பா?"

கொக்கி செருப்பைப் பார்த்தபடி சொன்னார். இந்த மாதம் முழுக்க அவரும் அப்பாவும் தேடிய வண்டி இதுதானாம். இன்றைக்கு வண்டி ஏற்பாடு செய்த பக்கத்து வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியுமா, போனில் கிடைத்த வண்டியைச் சொல்லிவிட்டார். ஒரு தடவை ஆஸ்பத்திரிப் பின்வாசலில் கையும் களவுமாக மாட்டியதாம். அப்போது உள்ளே ஒரு பிணம் இருந்தது.

"வெறும் பொணந்தானேண்ணே, எறக்கி வெச்சிட்டு எடுத்துடலாம்னேன். உள்ள ஆள் இருக்குடா, எறங்குற வரைக்கும் அது ஆள்தான்னுட்டாரு."

அது அப்பாவின் சட்டம். ஆள் இருக்கிற வண்டியைத் தொட மாட்டார். தூங்குகிற குழந்தையோ, பிரசவத்துக்குப் போகிறவளோ, குடித்துவிட்டு மல்லாந்து கிடப்பவனோ, யார் இருந்தாலும் சரி. போய்ச் சேர்ந்து இறங்கட்டும் என்று டீக்கடை வாசலில் கால் கடுக்க நிற்பார்.

அன்றைக்கும் அப்படித்தான் இருவரும் இடுகாடு வரைக்கும் பின்னாலேயே போயிருக்கிறார்கள். போனால் அங்கே பிணத்தைத் தூக்க ஆள் போதவில்லை. "நீ வண்டியப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அப்பா போய்த் தோள் கொடுத்திருக்கிறார். கொக்கிக்கு மனசு கேட்கவில்லை, அவரும் இன்னொரு முனையைப் பிடித்திருக்கிறார். இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினால் வண்டியைக் காணோம். வழி முழுக்க அப்பா சிரித்துக்கொண்டே வந்தாராம்.

சொல்லும்போது கொக்கிக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்று, உதடு கோணிக்கொண்டது.

"இன்னிக்கு எடுத்துடாதீங்க சித்தப்பா. அப்பாவ வெச்சு ஒருத்தன் வண்டியப் பிடிச்சாங்கன்னு பேச்சு வரக்கூடாது."

"நாங்க எடுப்பமா பாப்பா?" என்றார் கொக்கி. ஆனால் அவர் கண் கூலிங் கிளாஸ் போட்ட ஒருவன்மேல் போய் நின்றது. கண்ணாடி என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள், கூட்டத்தில் புதுசு. தேடுகிற வண்டி கண்ணில் பட்டால் உடனே படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். கண்ணாடி போனைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான்.

"கை தானாப் போயிடுச்சுண்ணே, படத்த அனுப்பிட்டேன்" என்றான்.

டிரைவர் இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தபோது, அவர் குனிந்து முகத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, சுவரோரம் நின்ற கூட்டத்தை மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தார். தான் எங்கே வந்து மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லிக் கிளம்பியிருப்பார். அவர் ஒரு பழைய துண்டை எடுத்து, அப்பாவின் தலை ஆடாமல் இருக்கப் பக்கத்தில் முட்டுக் கொடுத்தார்.

"அன்னிக்குத் தோள் குடுத்தாரும்மா. யாருன்னு அப்புறம்தான் சொன்னாங்க" என்றார் அவளிடம்.

வண்டிக்குள் பக்கத்துப் பலகையில் அவளும் அம்மாவும் உட்கார்ந்தார்கள். அம்மாவின் தம்பி முன்னால் ஏறிக்கொண்டார். அவருடைய காரையே ஒரு தடவை அப்பா எடுத்திருக்கிறார். வேறு யாராவது போனால் மச்சானை அவமானப்படுத்திவிடுவார்கள் என்று தானே போனார். யார்டில் விடுவதற்கு முன்னால் காருக்குள் இருந்ததையெல்லாம் பொறுக்கி, குழந்தையின் ஒற்றைச் செருப்பு, பாதி தீர்ந்த இருமல் மருந்து, கண்ணாடியில் தொங்கிய பொம்மை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்தார். எந்த வண்டியை எடுத்தாலும் அப்படித்தான் செய்வார், வண்டிதான் கம்பெனியோடது, செருப்பு அவங்களோடது என்பார். மாமா வெகுநாள் மூஞ்சி கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அப்பாவைப் பற்றி வேறு யாராவது ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் சண்டைக்குப் போய்விடுவார். இப்போது முன்சீட்டில் அவர் தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோதெல்லாம் அவள் டிரைவர் என்றே சொல்லி வந்திருக்கிறாள். அதுவும் பொய்யில்லை, பாதி நேரம் அடுத்தவர் வண்டியைத்தானே ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது யாராவது கேட்டால் முழுசாகவே சொல்லலாம் என்று தோன்றியது. இந்த ஊரிலேயே அந்த வேலையை மனுஷனாக இருந்து செய்தவர் அவர் ஒருத்தர்தான்.

இடுகாட்டில் தோள் கொடுக்க ஆள் பஞ்சமே இல்லை. எல்லாம் முடிந்து, மாமா அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். வந்தவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மதில் ஓரம் காலி வண்டி பின்கதவு திறந்தபடி நின்றது. அதைச் சுற்றி அப்பாவின் கூட்டாளிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். கொக்கிக்கு ஆபீசிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது.

டிரைவர் தானாகவே வந்து சாவியை நீட்டினார்.

"இந்தாங்கண்ணே. ஆத்துப் பக்கம் ஒரு வீட்ல பொணத்த வெச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க. வர்றேன்னு சொல்லிட்டேன். அவங்களுக்கு மட்டும் வேற வண்டி சொல்லிடுங்க."

கொக்கியின் கை பாதி நீண்டு, பாதியில் நின்றது. போன் மறுபடி அடித்தது. எடுக்காவிட்டால் நாளைக்கு அவருக்கே வேலை இருக்காது. எடுத்தார்.

"ஆமா சார். எதிர்லதான் நிக்குது. பாடிய எறக்கியாச்சு. வண்டி இப்ப..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் வண்டிக்குள் ஏறிவிட்டாள். சற்று முன்பு அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அதே பலகையில் போய் உட்கார்ந்தாள்.

"உள்ள ஆள் இருக்கு சித்தப்பா" என்றாள்.

கொக்கி அவளையே பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"காலி இல்ல சார். உள்ள ஆள் இருக்கு." அந்தப் பக்கம் ஏதோ கத்தினார்கள். "இல்ல சார், எப்ப எறங்கும்னு தெரியாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"அந்த வீடு வரைக்கும் நான் வர்றேன்" என்றாள் அவள் டிரைவரிடம். "அடுத்த ஆள் ஏறினதும் எறங்கிக்கிறேன்."

டிரைவர் நீட்டிய சாவியைக் கைக்குள் மடக்கிக்கொண்டார். நாளைக்கு வருவோம் என்று கொக்கி சொன்னார். தெரியும்ணே, வீட்டிலேயே இருக்கிறேன் என்றார் அவர்.

வண்டி கிளம்பியது. பின்கதவு ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். நம்பர் பிளேட் கண்ணில் படாமல் அவர்கள் எல்லாரும் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மதிலைப் பார்த்து நின்றிருந்தார்கள். கண்ணாடியின் தலை மட்டும் பழக்கதோஷத்தில் மெல்லத் திரும்பியது. கொக்கி அவன் பிடரியைப் பிடித்து மதில் பக்கம் திருப்பி வைத்தார்.