பால்கனி அறைக்கு ஒரு ஜெபம்

மே மாதச் சுற்றுலாவுக்குக் கப்பல் கம்பெனியை மாற்றப்போகிறார்கள் என்பதைச் சோஃபியா ஜெபத்தில்தான் கேட்டாள். அந்த வீட்டில் எல்லாச் செய்தியும் அப்படித்தான் வரும்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் அண்ணன் கிளாரன்ஸின் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் அங்கே சாப்பிட வேண்டும். தேங்காய்ப்பால் சோறும் கோலா உருண்டைக் குழம்பும் மேசைக்கு வந்ததும் கிளாரன்ஸ் தட்டின் இரண்டு பக்கமும் உள்ளங்கைகளை வைப்பார். கண்ணை மூடுவார். தொண்டையைச் செருமுவார். அலுவலகத்தில் துணை மேலாளராக இருந்தபோது கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் செருமிய அதே செருமல். ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் அதை அவர் ஒப்படைக்கவில்லை.

"அன்புள்ள பரம பிதாவே, இந்த வேளைக்காக ஸ்தோத்திரம். இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். பழைய கப்பல் கம்பெனியின் நன்றிகெட்ட குணத்தை எங்களுக்கு வெளிப்படுத்தினீர், தகப்பனே. இந்த மே மாதத்துக்கு வேறொரு நல்ல கம்பெனியைக் காட்டினீர். உம்முடைய வழிநடத்துதலுக்காக ஸ்தோத்திரம். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம்."

"ஆமென்" என்றார்கள் எல்லோரும். சோஃபியாவும்தான்.

ஆமென் விழுந்துவிட்டால் அதன்மேல் பேச்சு கிடையாது. கர்த்தரே கையெழுத்துப் போட்ட பிறகு தம்பி டேரில் யார், அவன் பெண்டாட்டி லவினா யார்? வீட்டுக்கு ஊதா நிறம் அடித்தது அப்படித்தான். டேரில் தன் காரை விற்றது அப்படித்தான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், பீன்யா தொழிற்சாலையில் சோஃபியாவோடு வேலை பார்த்த பாலகுமார் வீட்டுக்கு வந்து பெண் கேட்டுவிட்டுப் போன மறுநாளும் அப்படித்தான். "இந்தச் சம்பந்தம் உமது சித்தமில்லை என்று காட்டினீரே, ஸ்தோத்திரம்" என்றார் கிளாரன்ஸ். அன்றைக்கு மீன் குழம்பு. சோஃபியா கண்ணை மூடியிருந்தாள். வாய் தன்பாட்டுக்கு ஆமென் சொல்லிவிட்டது.

இப்போது அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. பிரேசர் டவுனில் ஒற்றைப் படுக்கையறை வீடு. அதே பீன்யா கம்பெனியில் கொள்முதல் பிரிவுக்கு மூத்த அதிகாரி.

"நல்ல முடிவுண்ணா" என்றான் டேரில், உருண்டையை எடுத்துக்கொண்டே. "சக்கத்தா, ரொம்ப ஜோரா இருக்கும் புதுக் கப்பல். வீடியோ பாத்தேன்."

அண்ணன் மலையேறச் சொல்லியிருந்தாலும் சக்கத்தா இருக்கும் என்றுதான் சொல்லியிருப்பான்.

ஐந்து வருஷமாக மே மாதம் அவர்கள் ஒரே கம்பெனியின் கப்பலில் போகிறார்கள். விமானத்தில் சிங்கப்பூர், அங்கிருந்து கடலில் நாலு இரவு. அறைகளைக் கிளாரன்ஸ் பிரிப்பார். பால்கனி வைத்த அறை அவருக்கும் டோரதி அண்ணிக்கும். ஜன்னல் வைத்த அறை டேரிலுக்கும் லவினாவுக்கும் அவர்களுடைய இரட்டைப் பெண்களுக்கும். கீழ்த்தளத்தில், இயந்திரச் சத்தத்துக்குப் பக்கத்தில், ஜன்னலே இல்லாத அறை சோஃபியாவுக்கு.

"நீ ஒரே ஆள்தானே சோஃபி, உனக்கு எதுக்கு ஜன்னல்?" முதல் வருஷமே கேட்டுவிட்டார். பதிலுக்காக நிற்கவில்லை.

அந்த அறையில் விளக்கை அணைத்தால் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாது. மற்றவர்களின் காலிப் பெட்டிகள் எல்லாம் அங்கேதான் அடுக்கப்படும். சாயங்காலம் ஆனால் லவினா கதவைத் தட்டுவாள். "அக்கா, ஷோ முடியறவரைக்கும் இவங்க இங்க இருக்கட்டும்." இரட்டைப் பெண்கள் படுக்கையில் ஏறிக் குதிப்பார்கள். பிறகு தூங்கிவிடுவார்கள். சோஃபியா பெட்டிகளுக்கு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஐந்து முறை கடலில் போய்வந்தவள். கடலை அவள் அதிகமும் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறாள்.

கம்பெனியை மாற்றுவதற்கான காரணம் போன வருஷம் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. கிளாரன்ஸிடம் அந்தக் கம்பெனி அடிக்கடி வரும் பயணிகளுக்குக் கொடுக்கும் வெள்ளி அட்டை உண்டு. அதைக் கழுத்துப் பட்டையில் கோத்து மாட்டிக்கொண்டால் ஊர் திரும்பித் தேவனஹள்ளியில் விமானம் இறங்கும்வரை கழற்ற மாட்டார். அன்றைக்கு அவருக்குச் சமையலறைக் கதவருகே மேசை கொடுத்தார்கள். சென்னையிலிருந்து வந்த ஆதிகேசவன் என்பவரை, கழுத்தில் தங்க அட்டை என்பதால், ஜன்னலோர மேசைக்கு அழைத்துப் போனார்கள். கிளாரன்ஸ் எழுந்துபோய்த் தன் அட்டையைத் தூக்கிக் காட்டினார். பணியாள் அதைப் பார்த்தான், வாழ்த்துச் சொன்னான், தண்ணீர் ஊற்றினான்.

அதுதான் நன்றிகெட்ட குணம்.

சோஃபியாவுக்கு அந்த ஞாயிறு சோறு இறங்கவில்லை. அவளுடைய அலமாரியில் பழைய கேக் டப்பாவுக்குள் ஒரு கடிதம் இருந்தது. அதே கம்பெனி ஜனவரியில் அனுப்பியது. கூடவே ஒரு பிளாட்டினம் அட்டை. தங்கத்துக்கும் மேலே. கப்பலில் கழிக்கும் ஒரு ராத்திரிக்கு ஒரு புள்ளி; புள்ளி ஏற ஏற அட்டையும் உயரும். அறையில் தனியாகத் தங்குபவருக்கு இரண்டு. கம்பெனியின் விதிமுறைப் புத்தகத்தில் இருபத்திரண்டாம் பக்கம், பொடி எழுத்தில். பொடி எழுத்தைப் படிப்பதுதான் முப்பது வருஷமாக அவளுடைய பிழைப்பு. கிளாரன்ஸ் அட்டைப்படத்தை மட்டும் படிக்கிறவர். அடுத்த பயணத்தில் பால்கனி வைத்த அறை, கூடுதல் கட்டணம் இல்லை, என்றது கடிதம். இந்த மே மாதம். ஒரு கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே கடல், அறைக்குள் ஒரே ஒரு பெட்டி. மூன்று மாதமாக அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் ஏறிவிடும்.

திங்கட்கிழமை லவினா அழைத்தாள். பழைய கம்பெனியில் எந்த அட்டை இருக்கிறதோ அதற்கு இணையான அட்டையைப் புதுக் கம்பெனியும் கொடுக்குமாம். எல்லோருடைய உறுப்பினர் எண்ணும் வேண்டுமாம். "மாமாதான் ஒரே பிடியா நிக்கறாரு. சில்வரை விட மாட்டேங்கறாரு."

சோஃபியா எண்ணைக் கொடுத்தாள். பொய்யான எண்ணைக் கொடுத்திருக்கலாம் என்று பிற்பாடுதான் தோன்றியது. பொய் சொல்லும் பழக்கமும் அந்த வீட்டில் அவளுக்கு ஒதுக்கப்படவில்லை.

வியாழக்கிழமை கிளாரன்ஸே அழைத்தார். அவர் அவளை அழைப்பது கிறிஸ்துமஸுக்கு மட்டும்.

"சோஃபி, உன் நம்பர் பெரிய நம்பராம். லவினா சொன்னா. உனக்கு எப்படி பிளாட்டினம் வரும்? கம்ப்யூட்டர் மிஸ்டேக்கா இருக்கும்."

"தனியா ஒரு ரூம்ல போனா ரெண்டு ரெண்டு புள்ளிண்ணா. புக்லயே போட்டிருக்கு."

"ஓஹோ." தொண்டையைச் செருமினார். "உன்னைத் தனியா போட்டது யாரு? நான்தானே? அப்போ ஒரு விதத்துல இது என்னால வந்ததுதான்."

அந்த அறிவை வியக்கச் சோஃபியாவுக்குச் சில நொடிகள் தேவைப்பட்டன.

"எனக்கு அந்தப் புதுக் கம்பெனிக்காரன் என்ன தர்றான் தெரியுமா? ஒரு தொப்பி. உன் பேருக்கு பால்கனி ரூம் தர்றான். இப்போ நான் என்ன சொல்றேன்னா, பேருக்கு உன் பேர்லயே இருக்கட்டும். என் பேர்ல கீழ ஒரு ரூம் போட்டுடறேன். கப்பல் ஏறினதும் மாத்திக்கலாம். நானும் அண்ணியும் மேல, நீ வழக்கம்போல உன் ரூம்ல. அண்ணிக்கு மூட்டுவலி. கடல் காத்து வேணும்."

"மூட்டுவலிக்கா?"

"டாக்டர் சொன்னாரு."

எந்த டாக்டர் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் ஒரு டாக்டரைப் பெற்றெடுத்துவிடுவார்.

"அப்புறம் ஒண்ணு" என்றார் கிளாரன்ஸ், குரலைத் தாழ்த்தி, சன்மானம் கொடுப்பவரைப் போல. "இந்த ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு ஜெபத்தை நீயே பண்ணு. இந்தக் காரியம் உன் வாயாலயே வரட்டும்."

அந்த மேசையில் பெண்கள் சமைப்பார்கள், பரிமாறுவார்கள், ஆமென் சொல்வார்கள். முப்பது வருஷத்தில் ஒரு பெண்ணும் ஜெபித்ததில்லை. ஒரு பால்கனிக்காக அண்ணன் அதையும் விட்டுக்கொடுக்கத் தயார்.

"சரிண்ணா" என்றாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் கேக் டப்பாக் கடிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு பழைய கம்பெனியின் முன்பதிவு எண்ணுக்கு அழைத்தாள். எடுத்த பெண்ணின் பெயர் மமதா. குரல் இனிமையாக இருந்தது.

"எத்தனை பேர், மேடம்?"

"ஒருத்தர்."

"கூட யாரும் இல்லையா?"

"யாரும் இல்லை" என்றாள் சோஃபியா. அதைச் சொல்லும்போது அவளுக்கு இவ்வளவு சுகமாக இருந்ததே இல்லை.

மே பதினாலு. எட்டாவது தளம். உறுதிச் சீட்டு மாலையில் வந்தது. அச்சடித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி அதிசயமாக அவளைக் கிளாரன்ஸுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். உருண்டைகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. இரட்டைப் பெண்கள் ஆளுக்கு ஒன்றைக் கண்ணால் குறித்து வைத்திருந்தார்கள்.

"இன்னைக்கு நம்ம சோஃபி ஜெபம் பண்ணுவா" என்று அறிவித்தார் கிளாரன்ஸ்.

"அக்காவா?" என்றான் டேரில். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சூப்பர்" என்றான்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். சோஃபியா தட்டின் இரண்டு பக்கமும் உள்ளங்கைகளை வைத்தாள். தொண்டையைச் செருமினாள். நன்றாகவே வந்தது.

"அன்புள்ள பரம பிதாவே, இந்த வேளைக்காக ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்று முனகினார்கள்.

"இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். அண்ணனுக்கு நீர் காட்டின புதிய கப்பலுக்காக ஸ்தோத்திரம். அவரும் அண்ணியும் டேரில் குடும்பமும் அதில் சுகமாய்ப் போய்வரக் கிருபை தாரும்."

"ஸ்தோத்திரம்."

"எனக்கு நீர் பழைய கப்பலையே காட்டினீர், தகப்பனே. மே பதினாலாம் தேதி பால்கனி அறையில் என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போகப்போகிறீர். முன்பதிவையும் முடித்துக் கொடுத்தீர். அதற்காக ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்றார் கிளாரன்ஸ், மற்றவர்களைவிடச் சத்தமாக. அடுத்தவர் ஜெபத்தை அவர் கேட்பதில்லை. அது முடிவதற்காகக் காத்திருப்பார். பால்கனி என்ற சொல் மட்டும் அவர் காதில் விழுந்திருக்கும்.

"பிள்ளைகளைப் பெற்றவர்களே பார்த்துக்கொள்ளும் பெலனை அவர்களுக்குத் தாரும். என் பெயரை வேறு யாரும் எந்த அறைக்கும் எழுதாதபடி காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம்."

"ஆமென்!" என்று கத்தினார்கள் இரட்டைப் பெண்கள். "ஆமென்" என்றாள் அண்ணி. "ஆமென்" என்றான் டேரில். லவினாவும் சொல்லிவிட்டாள்; சொன்ன வாய் திறந்தபடியே நின்றது.

"ஆமென்" என்று கணீரென்று முடித்துவைத்தார் கிளாரன்ஸ். பிறகு கண்ணைத் திறந்தார்.

"என்னது அது, பழைய கப்பல்?"

சோஃபியா கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து உப்புக் கிண்ணத்தில் சாய்த்து நிறுத்தினாள். அவர் கப்பலில் அட்டையைத் தூக்கிக் காட்டினாரே, அது போல, எல்லோருக்கும் தெரியும்படி.

"அக்கா, அப்போ ஷோ டைம்ல பசங்களை யாரு..." என்று ஆரம்பித்தாள் லவினா.

"நீ ஷோ பாக்காதே" என்றாள் சோஃபியா.

கிளாரன்ஸின் காதுமடல் சிவந்தது. "எங்களை விட்டுட்டுத் தனியா போவியா? குடும்பமா போறப்ப? பேசாம கேன்சல் பண்ணு."

"ஆமென் சொல்லியாச்சுண்ணா. நீங்களும்தான் சொன்னீங்க."

"அது வேற, இது வேற."

"எது வேற?"

பதில் சொல்ல வேண்டிய நிலைமை அந்த மேசையில் அவருக்கு ஏற்பட்டதே இல்லை. ஒரு தரம் டேரிலைப் பார்த்தார். டேரில் குழம்பைப் பார்த்தான். அப்புறம் அவர் தனக்குத் தெரிந்த ஒரே வழிக்குத் திரும்பினார். இரண்டு உள்ளங்கைகளையும் தட்டின் பக்கத்தில் வைத்தார். கண்ணை மூடினார். செருமினார்.

"அன்புள்ள பரம பிதாவே..."

யாரும் கண்ணை மூடவில்லை.

"பெரியப்பா, ஜெபம் ஆயிடுச்சு" என்றாள் இரட்டையரில் ஒருத்தி. அவள் வாயில் பாதி உருண்டை இருந்தது.

கிளாரன்ஸ் மூடிய கண்ணோடு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தார். திறப்பதா தொடர்வதா என்று அவருக்கு விளங்கவில்லை. பழைய அறையில் விளக்கை அணைத்தால் இப்படித்தான் இருக்கும் என்று சோஃபியா நினைத்தாள். அவருக்கு அந்த அறைதான் பொருத்தம். கூடவே ஒரு தொப்பியும் கிடைக்கும்.

"சோறு ஆறுது" என்றாள் டோரதி அண்ணி. அவள் குரலில் ஏதோ ஒன்று இருந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. கரண்டியை எடுத்து, முப்பது வருஷத்தில் முதல்முறையாக, கிளாரன்ஸின் தட்டைத் தாண்டிப் போய் முதல் உருண்டையைச் சோஃபியாவுக்கு வைத்தாள்.

சோஃபியா இரண்டாவதையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.