சுண்டுவிரல் மடங்கிய காலை

"மாகோங்குல என் அடுப்படியில உட்கார்ந்து ஒரே ஒரு கத்து கத்தினேன். கடலுக்கு அந்தப் பக்கம் காவ்ஷியோங் ஆஸ்பத்திரியில ஏழு டாக்டரும் தரையை விட்டு ஒரு முழம் துள்ளினாங்க!"

தம்பியின் சவப்பெட்டிக்கு முன்னால், அவனுக்காக எரிக்கவேண்டிய மஞ்சள் காகிதத்தைத் தாமரையாக மடித்தபடி யூ-ச்சின் சொன்னாள். உடன் மடித்துக்கொண்டிருந்த உறவினர்கள் சிரித்தார்கள். முப்பது வருடம் மீன் ஏலம் கூவிய தொண்டை அது. அவள் கூவினால் செத்த மீனும் ஒருமுறை வாலை ஆட்டிவிட்டுத்தான் கூடைக்குள் போகும் என்று துறைமுகத்தில் பேச்சு.

அவள் கணவர் தியென்-ஃபு மட்டும் சிரிக்கவில்லை. அதே ஏலக்கூடத்தில் மீனை எடை போட்டவர் அவர். மனைவியின் பேச்சையும் தராசில் வைத்துத்தான் வாங்குவார்.

"பாதி பொய்," என்றார்.

"எந்தப் பாதின்னு சொல்லுய்யா!"

அவர் அடுத்த காகிதத்தை எடுத்தார்.

சித்தி மகள் லி-ஷுவே தலை நிமிராமல் கேட்டாள்: "அது இருக்கட்டும்க்கா. ஆபரேஷன் வேண்டாம்னு சொன்னது யாரு? அண்ணனா, நீயா?"

யூ-ச்சின் கையிலிருந்த காகிதம் கிழிந்தது.

ஐந்து நாளுக்கு முன் வடகிழக்குக் காற்று, மாகோங் தீவிலிருந்து கிளம்பும் விமானத்தையும் கப்பலையும் கட்டிப்போட்டிருந்தது. தம்பி சுங்-லியாங்குக்கு மனைவி மக்கள் கிடையாது, அக்காதான் எல்லாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் தினமும் காலை ஒன்பதரைக்கு டாக்டர்கள் கூடிப் பேசுவதை வீட்டார் வீடியோவில் கேட்கலாம். தம்பி அங்கே சேர்ந்து அது பதினோராவது காலை. போனை சோயா குப்பியில் சாய்த்து வைத்தாள். அது இரண்டு முறை குப்புற விழுந்தது. மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

டாக்டர்கள் கேமரா வண்டியைச் சுற்றி நின்று, அதன் திரையில் தெரிந்த எண்களைப் பார்த்துப் பேசினார்கள். கட்டில் அவர்கள் முதுகுக்குப் பின்னால். அத்தனை பேர் கூடியிருந்தும் அந்த அறையில் ஒருவர்கூட நோயாளியைப் பார்க்கவில்லை. பார்த்தது கடலுக்கு இப்பால் அடுப்படியில் உட்கார்ந்திருந்த கணவன் மனைவி இரண்டு பேர்தான்.

"மயக்க மருந்தைக் குறைச்சாச்சு. நுரையீரல்தான் தேறல," என்றார் பெரிய டாக்டர் குவோ. "நாளைக்குத் தொண்டையில துளை போட்டு மெஷினை அதுல மாட்டலாம். சில வாரம் கிடைக்கலாம். இல்லேன்னா ஓரிரு நாள்தான்."

போர்வையின் மேல் தம்பியின் கை கவிழ்ந்து கிடந்தது. சுண்டுவிரல் மட்டும் மெல்ல உள்ளே மடங்கியது.

மாகோங் ஏலத்தில் யாரும் வாயால் விலகுவதில்லை. கையைக் கவிழ்த்துச் சுண்டுவிரலை மடக்கினால், 'நான் விலகிக்கிட்டேன், என்னை இனிமே கேட்காதே' என்று அர்த்தம். இருபது வருடம் அவள் ஏலத்தில் மீன் எடுத்தவன் தம்பி.

"நிறுத்துங்க!"

சன்னல் அதிர்ந்தது. மூன்று தெரு தள்ளி நாய் குரைத்தது. திரையில் ஒரு புருவம்கூட அசையவில்லை. போனில் அவள் சத்தம் அடைத்திருந்தது.

"யோவ், சத்தத்தைத் தொறந்து விடுய்யா!"

தினமும் அந்தப் பொத்தானை அழுத்திக் கொடுப்பவர் தியென்-ஃபுதான். இன்று அவர் கை மடியிலேயே கிடந்தது. அவள் கண்ட இடத்திலெல்லாம் குத்தினாள். டாக்டர்கள் தலைகீழானார்கள், கடுகாகச் சிறுத்தார்கள். கடைசியில் எது திறந்ததோ, "அய்யோ, அவன் கையைப் பாருங்கய்யா!" என்ற கூவல் மொத்தமாகக் காவ்ஷியோங்கில் போய் இறங்கியது. ஏழு பேரும் துள்ளினார்கள். ஒரு முழம் இருக்காது, துள்ளியது நிஜம்.

அவள் விவரம் சொன்னாள். குவோ கட்டிலுக்குப் போய், நோயாளியின் காதருகே குனிந்து மூன்று முறை கேட்டார். விரல் அசையவில்லை.

"வெறும் தசைத் துடிப்பாவும் இருக்கலாம்மா. பக்கத்துல இருக்கிற ஐயா பார்த்தாரா?"

தியென்-ஃபு சோயா குப்பியைப் பார்த்தார். "படம் ஆடிட்டே இருந்துச்சு. நான் ஒண்ணும் பார்க்கல."

"அப்போ முடிவு நீங்கதான்மா சொல்லணும்."

ஏலத்தில் மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிடும். அவள் முப்பது எண்ணினாள். தப்பாகப் படித்திருந்தால் தம்பியைக் கொன்றவள் ஆவாள். சரியாகப் படித்தும் வாயை மூடிக்கொண்டால், விலகியவனைப் பிடித்து இழுத்துவந்து மறுபடி நிறுத்தியவள் ஆவாள்.

"துளை போட வேண்டாம்," என்றாள். துறைமுகத்தையே குலுக்கிய தொண்டையிலிருந்து கொசுவின் குரல் வந்தது.

மறுநாள் மதியம் அவன் போனதையும் அதே திரையில்தான் பார்த்தாள்.

"யாருமே பார்க்காத விரலு," என்றாள் லி-ஷுவே, காகிதத்தை நகத்தால் அழுத்தி நீவியபடி. "உன் ஒருத்தி கண்ணுக்கு மட்டும் மடங்குன விரலு."

மடித்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. எதையாவது பெரிதாக அளந்துவிட யூ-ச்சின் வாயைத் திறந்தாள்.

"மடங்குச்சு," என்றார் தியென்-ஃபு.

லி-ஷுவே தலை நிமிர்ந்தாள்.

"நானும் பார்த்தேன். அவனை விட மனசில்லாம அன்னைக்கு மறைச்சுட்டேன். ரெண்டு தடவை மடங்குச்சு. முதல் தடவை இவ கண்ணாடியைத் தேடிட்டு இருந்தா."