அப்துல் மஜீதுக்கு முளைத்த முடி

றுவைஸ் காலையிலிருந்து தன் வாப்பாவின் தலையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு போத்தல் மண்ணெண்ணெய் முடிந்தது. ஒரு முடிகூட உதிரவில்லை.

வாப்பா கபுறுக்குழிக்குப் போய்ப் பல காலம். சுரண்டப்பட்டது பலகையில் ஆளுயரத்துக்கு வரைந்த அவருடைய படம். அப்துல் மஜீத் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அவருடைய வழுக்கை சாதாரண வழுக்கையா? உச்சி வெயிலில் அதை வெளிச்சவீடு என்று நினைத்துக் கப்பல்கள் வழிமாறி வந்திருக்கின்றன. அந்த வழுக்கையை உள்ளபடியே வரைந்து வைத்தவர் ஹர்ஜோனோ என்ற இந்தோனேசிய ஓவியர்.

எரிமலையும் பச்சை வயலும் வரைந்திருந்தால் ஹர்ஜோனோவை அவருடைய ஊர்ப் பணக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். மனிதர் சந்தையில் பேன் பார்க்கும் பெண்களையும் சொறிநாய்களையும் வரைந்தார். அந்த நாயின் சொறியைப் பார்த்தவர்கள் மூன்று ஊர் தாண்டியும் உடம்பைச் சொறிந்துகொண்டு போனார்களாம். அங்கே ஆட்சி மாறிய காலத்தில் அவருடைய படங்களை எரித்துவிட்டார்கள். அவர் சரக்குக் கப்பலில் ஏறித் தப்பினார். கப்பல் பழுதாகி இங்கே நின்றது. மஜீத் தன் வீட்டில் இடம் கொடுத்தார். அதற்குக் கைமாறுதான் இந்தப் படம். பிறகு ஊர் திரும்பி, யாரும் தேடாமலே ஹர்ஜோனோ இறந்துபோனார்.

இப்போது அவருடைய நாடு விழித்துக்கொண்டது. கண்காட்சியாம், பெரிய புத்தகமாம். ஹர்ஜோனோவின் மகள் ரத்னி மிஞ்சிய படங்களைத் தேடி அலைகிறார். இன்று பின்னேரம் இங்கே வருகிறார். அந்தப் புத்தகத்தில் வாப்பாவின் பெயர் வரவேண்டும். றுவைஸுக்கு வேறு ஆசை கிடையாது. வாப்பாவுக்கு வேறு போட்டோவும் கிடையாது.

ஆனால் அந்த வீட்டில் கல்யாணம் பேசும்போதெல்லாம் சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். அப்படியே வாப்பாவுக்கும் அடிப்பார்கள். மூத்தவளான லைலா ராத்தாவைப் பெண் பார்க்க வந்தபோது வழுக்கையில் முடி முளைத்தது. அடுத்த கல்யாணத்துக்குக் கிழிந்த பெனியன் வெள்ளைச் சட்டையானது. றுவைஸின் மகள் றிஷானாவின் கல்யாணத்துக்கு ஒட்டிய கன்னம் உப்பி, கையில் தங்க மணிக்கூடும் ஏறியது. இப்போது மஜீதைப் பார்த்தால் பாராளுமன்றத் தேர்தலில் நிற்பவர் போல் இருந்தார்.

"ராத்தா, இந்த முடிய என்ன பெயின்றால அடிச்ச?"

"கப்பலுக்கு அடிக்கிற பெயின்ற். கடல்தண்ணிக்கே கரையாது," என்றாள் லைலா பெருமையாக. "விடுடா தம்பி. வாப்பா வடிவாத்தானே இருக்கார். அந்த மனிசன் எங்கட சோத்தையும் திண்டுபோட்டு வழுக்கையக் கீறி வச்சவர்."

"அவர் உள்ளதத்தானே கீறினவர்!"

"உள்ளதத்தான் ஊரே பாத்திட்டுதே. பிறகென்னத்துக்குப் படம்?"

றுவைஸ் மண்ணெண்ணெய்த் துணியை வீசி எறிந்தார்.

ரத்னி வந்தார். படத்தின் முன் நெடுநேரம் நின்றார். "இது என் அப்பா வரைந்தது இல்லை," என்றார் ஆங்கிலத்தில்.

கப்பல் கந்தோர் வேலையில் பழகிய ஆங்கிலத்தில் றுவைஸ் கல்யாணம் கல்யாணமாக விளக்கினார். விளக்க விளக்க அவருக்கே வெட்கமாக இருந்தது. ரத்னி குனிந்து, பலகையின் அடிப்பகுதியை மறைத்து நின்ற அரிசிப் பீப்பாவைத் தள்ளினார். பிறகு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பீப்பா மறைத்ததால் படத்தின் கால்களைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை. வெடித்த குதிகால், நசிந்த பெருவிரல் நகம், விரலிடுக்கில் காய்ந்த உப்பு.

"இது அப்பாவின் கைவேலை," என்றார் கண்ணைத் துடைத்தபடி. "கணுக்காலுக்குக் கீழே மட்டும்."

கால்களை மட்டும் படமெடுத்தார்.

"அப்துல் மஜீத் என்று பெயர் போடுவீர்களா?"

"புத்தகக் குழு முகத்தைக் கேட்கும். இது அவர் முகம் இல்லையே." ரத்னி றுவைஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டுப் பார்க்கிறேன். கிடைக்காவிட்டால், துறைமுகத் தொழிலாளியின் கால்கள் என்றுதான் வரும்."

அவர் போனதும் றுவைஸ் கதிரையில் சரிந்தார். வாப்பா ஜகார்த்தாவுக்குப் போகப்போகிறார், பெயரில்லாமல், கணுக்கால் வரைக்கும்.

லைலா படத்தின் அடியில் கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"உலகமே பாக்கப்போகுது, வெறுங்காலோடயா விடுற? அந்தப் பெயின்ற் இன்னும் மிச்சம் கிடக்கு தம்பி. நல்ல சப்பாத்தொண்டு போட்டு விடுவமே."