சுவரோரம் நடந்தவள்

வாருங்கள், இந்தச் சுவரைப் பாருங்கள். சமையலறை வாசலில் தொடங்கிக் கூடத்தின் மூலைவரை தோளுயரத்தில் ஓடும் இந்த மங்கிய கோட்டைப் பாருங்கள். வெள்ளையடித்தவன் விட்டுப்போன குறையன்று இது. ஒரு பெண்ணின் உள்ளங்கை ஆண்டுக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து எழுதிய வாக்குமூலம். இப்போது குனிந்து தரையையும் பாருங்கள். இந்த மாடிக் கூடத்தின் மரப்பலகைத் தளம் நடுவில் நேற்றுப் போட்டதுபோல் மின்னுகிறது. சுவரோரம் மட்டும் மெருகு போய் வெளுத்துக் கிடக்கிறது. இத்தனை அகலமான கூடத்தில் ஒருத்தி ஏன் சுவரை ஒட்டியே நடந்தாள்? அந்த அநியாயத்துக்கு நீங்கள் சாட்சியாக வேண்டும்.

இந்த வீட்டு மருமகள் அந்தக் கோட்டை முதலில் கண்டபோது ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. மாமியார் இறந்து தனிமரமாகிவிட்ட மாமனாருக்குத் துணையாக, அவளும் கணவனும் நான்கு வயது மகளும் குடிவந்த வாரம் அது. அடிபட்டவர்களுக்கும் பக்கவாதத்தில் விழுந்தவர்களுக்கும் மறுபடி நடக்கக் கற்றுத்தரும் பிசியோதெரபிஸ்ட் அவள். மருத்துவமனையில் பகலெல்லாம் "நடங்க, பயப்படாம நடங்க" என்று சொல்லித் தொண்டை கட்டி வீடு திரும்புவாள். வீட்டில் அவளுக்குக் கிடைத்த கட்டளையோ வேறு.

"பாட்டு ஓடும்போது நடுக்கூடத்துல நடக்காதேம்மா. பலகை ஆடும், இசைத்தட்டுல முள்ளு குதிக்கும்," என்றார் மாமனார்.

"நான் பொறந்த அன்னைக்கே அப்பா பாட்டு முடிஞ்சப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாராம். நீ எம்மாத்திரம்?" என்று கணவன் சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள்.

மாமனார் பாலங்கள் கட்டி ஓய்வுபெற்ற பொறியாளர். அவர் கட்டிய பாலங்களின்மேல் ஊரே நடந்தது. அவர் வீட்டுக்குள் மனைவி நடந்தால் அது குற்றமானது! இசைத்தட்டுப் பெட்டிக்கு அவர் வைத்திருந்த காவலைக் கேளுங்கள். பெட்டியின் அடியில் ரப்பர் வில்லைகள். அவற்றின் அடியில் கருங்கல் பலகை. கல்லின் அடியில் பாதியாக அறுத்த டென்னிஸ் பந்துகள். மேசையின் இரும்புக் கால்களுக்குள் மணல். இத்தனையும் செய்துவிட்டு, அந்த மேசையை ஆடுகிற பலகைகளின் மேலேயே நிறுத்தியிருந்தார்.

அந்தக் காவலையும் மீறி ஒவ்வொரு மாலையும் முள் ஒருமுறை குதித்தது. எப்போதும் அதே தட்டு, அதே பாட்டு. மருமகள் அசையாமல் இருப்பாள், குழந்தை படுக்கையறையில் இருக்கும், ஆனாலும் குதிக்கும். அந்தக் கணத்தில் கிழவர் தலை தானாகச் சமையலறை வாசலுக்குத் திரும்பும். அங்கே சுவரோரம் மாமியாரின் நாற்காலி காலியாக இருக்கும். "இன்னொரு ரப்பர் வைக்கணும்," என்று முணுமுணுப்பார். அவள் தன் காலடியைப் பார்ப்பாள். யார் நடந்தது?

ஒரு விடுமுறை நாளில் அதற்கு விடை வந்தது, அவள் எதிர்பாராத வாயிலிருந்து. வாய் ஓயாத மகளுக்கு வீட்டில் பட்டாசு என்று பெயர். அந்தப் பட்டாசு, நுனிக்காலில், சுவரில் கைவைத்து, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"ஏய் பட்டாசு, என்னடி நடை இது? யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீதான்."

"நானா?"

"தாத்தா பாட்டு போட்டா நீ இப்படித்தானே போவ. இங்க கை வச்சுக்கிட்டு."

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ரேகைகளுக்குள் சுண்ணாம்பு படிந்திருந்தது. பிறர் நடையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடும் அவள், தன் நடை மாறிப்போனதை அறியவில்லை. செத்தவள் இந்த வீட்டை விட்டுப் போகவே இல்லை. மருமகளின் கால்களில் ஏறிக்கொண்டாள், அங்கிருந்து பேத்தியின் கால்களுக்கும் இறங்கிவிட்டாள்.

மறுநாள் துளைபோடும் கருவியோடும் இரண்டு இரும்புத் தாங்கிகளோடும் வந்தாள்.

"என்னம்மா இதெல்லாம்?"

"பெட்டியைச் செங்கல் சுவர்ல மாட்டப் போறேன் மாமா. பலகைதானே ஆடுது? சுவர் ஆடலையே."

"பாலம் கட்டினவனுக்கே பாடமா? இது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் மாமா செய்யல?"

அவர் தடுமாறினார். "ஓட்டை போட்டா சுவர் கெட்டுடும்னு..."

"கெட்டுத்தான் போயிருக்கு, பாருங்க," என்று அந்தக் கோட்டைக் காட்டினாள்.

துளை விழுந்தது, தாங்கி ஏறியது, பெட்டி அதன்மேல் அமர்ந்தது. அவரே அந்தத் தட்டை வைத்தார்.

"பட்டாசு, நடுவுல ஓடு!"

குழந்தை தாத்தாவைப் பார்த்துத் தயங்கியது. பிறகு ஓடியது. பலகைகள் தடதடவென்று அதிர்ந்தன. பாட்டு இம்மியும் பிசகவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார் கிழவர். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. "இவ்வளவுதானா!"

குழந்தை மூச்சு வாங்க உட்கார்ந்தது. கூடம் அசையாமல் நின்றது. அப்போது முள் குதித்தது.

மருமகள் சமையலறை வாசலைப் பார்த்தாள். கிழவர் இம்முறை அங்கே திரும்பவில்லை.

"அது அதிர்வு இல்லம்மா. கீறல். அன்னைக்கு உன் அத்தை என்னை நோக்கி நடுவுல ஒரு அடி வச்சா. முள்ளு துள்ளித் தட்டைக் கீறிடுச்சு. 'யாரது?'ன்னு கத்தினேன். ஒண்ணும் பேசாம போய் நாற்காலியில உட்கார்ந்தா. பக்கம் முடிஞ்சது; திருப்பிப் போட்டேன். அதுவும் முடிஞ்சப்புறம்தான் அவளைப் பார்த்தேன்."

"மாமா..."

"மாரடைப்புன்னாங்க. நெஞ்சு வலிச்சு என்னைக் கூப்பிடத்தான் வந்திருக்கா. கீறல்னு ஒத்துக்கத் தெம்பில்லாம, தினமும் ரப்பர் வச்சுக்கிட்டு இருந்தேன்."

கேட்டீர்களா? இரண்டு தாங்கிகளும் நான்கு திருகாணிகளும் போதுமாயிருந்தன! பெட்டியை நகர்த்துவதைவிடப் பெண்ணை நிறுத்துவது எளிதென்று ஒரு வீடு முடிவு செய்தது. படித்தவன் செய்தான், பிள்ளை அதைச் சொல்லிச் சிரித்தான். உங்கள் வீட்டில் அது பாட்டாக இராது. தூக்கமாக இருக்கலாம், செய்தியாக இருக்கலாம், கௌரவமாக இருக்கலாம். எதற்காக, யாருடைய காலடியை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்?

எழுந்திருங்கள். இந்த ஏட்டை மூடிவிட்டு உங்கள் சுவரோரம் போய்ப் பாருங்கள். கோடு தெரிந்தால் அதன்மேல் வெள்ளையடிக்காதீர்கள். அவள் உயிரோடிருக்கும்போதே பெயர்சொல்லி அழையுங்கள், கூடத்தின் நடுவே நடந்து வரச் சொல்லுங்கள். முள் குதித்தால் குதிக்கட்டும்!