வெப்பமானியின் பக்கத்தில் நின்றவர்

மாலைப் பத்திரிகையின் நடுப்பக்கக் கட்டுரையாளரைச் சுற்றி, கை நீட்டினால் எட்டும் தூரம் வரைக்கும், கோடை வந்ததே இல்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த வருடத்தின் இதமான காற்று அங்கேயே தங்கிவிட்டது. வெயில் காலத்தில் அவர் பக்கத்து நாற்காலிக்கு அலுவலகத்தில் அடிதடி நடக்கும். அவருக்கு அது தெரியாது. தன் எழுத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்திருந்தார்.

பழையது போதும் என்பது அவர் கட்சி. புதிய பாடத்திட்டம், புதிய எழுத்துரு, அலுவலகத்துக்கு வந்த காபி மெஷின் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பூமி சூடாகிறது என்று விஞ்ஞானிகள் சொன்னதும் அதையும் கையோடு மறுத்தார். வெப்பமானி ஒன்றை வாங்கி மொட்டைமாடியில் மாட்டினார். வாரந்தோறும் அதன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அன்றும் இதே அளவு, இன்றும் இதே அளவு" என்று எழுதினார். பொய் இல்லை, கண்ணால் கண்டதுதான். வாசகர்கள் விசிறிக்கொண்டே படித்துத் தலையாட்டினார்கள். இப்படியே பத்திரிகையின் மூன்று ஆசிரியர்கள் ஓய்வு பெற்றார்கள். அவருடைய மகள் வளர்ந்து, வானிலை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி ஆனாள்.

கடும் கோடை ஒன்றில் அவள் பிரசவத்துக்கு வந்தாள். குழந்தை வேர்க்குருவில் வீறிட்டு அழும். தாத்தா மடியில் போட்டால் அடுத்த நிமிடம் தூங்கிவிடும். மகளுக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு நண்பகலில் அந்த வெப்பமானியை எதிர்வீட்டு மாடியில் மாட்டிவிட்டு வந்து, அப்பாவிடம் பைனாகுலரை நீட்டினாள்.

"கிட்ட போகாம இங்கேர்ந்தே பாருங்கப்பா."

"எதிர்வீட்டை எட்டிப் பாக்குற வயசாம்மா எனக்கு?"

பார்த்தார். பாதரசம் அவர் கண்டிராத உயரத்தில் நின்றது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இத்தனை வருஷமா நான் என்னையேதான் அளந்துட்டு இருந்தேனா?" என்றார்.

ஒப்புக்கொள்ள அவருக்கு வெட்கம் இல்லை, பயம்தான். மறுத்ததால் வந்த குளிர்ச்சி, ஒப்புக்கொண்டால் ஓடிவிட்டால்? பேத்தி எங்கே தூங்குவாள்? அடுத்த சில வாரங்களைக் காபி மெஷினைத் திட்டியே ஒப்பேற்றினார். கடைசியில் மகளிடம் வாய்விட்டுச் சொன்னார்.

"போனா போகட்டும்ப்பா," என்றாள் மகள். "எம்பொண்ணு உங்க மடியிலயே இருந்துடுவாளா? அவ தெருவுல நடக்க வேணாமா?"

அன்றே எழுதினார். 'நான் தவறாக அளந்தேன்' என்பது தலைப்பு. பத்திரிகை வெளியான மாலை, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, வேர்க்கிறதா என்று நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். நீண்ட நாள் வாசகர் ஒருவர் சண்டைக்கே கிளம்பி வந்துவிட்டார். "நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டீங்களே சார்!" என்று கிட்டே வந்து கத்தியவர், பாதியில் நிறுத்தி, சட்டைக் காலரைத் தளர்த்தி, உட்கார ஒரு நாற்காலி கேட்டார். குழந்தை விழிக்கவில்லை.

இப்போது வானிலை நிலையத்தின் தினசரி அறிக்கையில், நகரத்தின் வெப்பநிலைக்குக் கீழே, கட்டுரையாளர் பக்கத்து வெப்பநிலையும் வருகிறது. அவர் வெளியூர் போயிருக்கும் நாட்களில் மட்டும் அந்த வரி இருக்காது.