முடிச்சூர் மட்டும் ஆமாம் சொன்னது

பொய் சொல்லி உண்மையைத் தெரிந்துகொள்வதுதான் எங்கள் ஆராய்ச்சி. தாம்பரத்தைச் சுற்றி எங்கெல்லாம் 'வீடு வாடகைக்கு' என்று போர்டு தொங்குகிறதோ, அந்த எண்களைக் குறித்துக்கொள்வோம். முதலில் ஆஃபியா தன் பெயரைச் சொல்லியே பேசுவாள். கொஞ்ச நேரம் விட்டு நான் தீபலட்சுமி என்று சொல்லிப் பேசுவேன். என் உண்மைப் பெயர் வினிதா, அதை வைத்து மதம் தெரியாது. இரண்டு பேரும் ஒரே சம்பளம் சொல்வோம், ஒரே மாதிரி சின்னக் குடும்பம் என்போம், ஒரே மாதிரி குழைவோம். பெயர் மட்டும்தான் வேறு. "வந்து பார்க்கிறோம்" என்று சொல்லி வைத்துவிடுவோம். போகமாட்டோம். யாருக்கு வீடு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பதிவு செய்வதுதான் வேலை. நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே வழிகாட்டியிடம் பிஎச்.டி. செய்கிறவர்கள்.

படப்பையில் ஆஃபியாவுக்கு வீடு இல்லை. பீர்க்கன்கரணையில் இல்லை. "இப்பத்தாம்மா அட்வான்ஸ் வாங்குனோம்" என்று அவளிடம் சொன்ன அதே வாய், கொஞ்ச நேரத்தில் என்னிடம் "எப்ப வர்றீங்க?" என்று கேட்கும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஃபோனை வைத்ததும் அந்த ஆளின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவேன். ஆஃபியா சிரிப்பாள். "டேட்டாவைத் திட்டாதடி, அது பாவம்" என்பாள். தினமும் இல்லை என்ற பதிலைக் கேட்கிறவள் அவள்தான். கத்துகிறவள் நான்.

பிறகு முடிச்சூர் வந்தது. நான் பிறந்து வளர்ந்த ஊர். அங்கே எல்லாரும் ஆமாம் என்றார்கள். தெரு மாற்றிக் கேட்டோம், நகர் மாற்றிக் கேட்டோம், எங்கே கேட்டாலும் ஆமாம். "தாராளமா வாங்கம்மா, நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல" என்றார்கள். ஒருத்தர், "பெருநாளைக்கு பிரியாணி மட்டும் மறந்துடாதீங்க" என்று கூடச் சொன்னார். ஆஃபியா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

எங்கள் வழிகாட்டி அபிதகுஜாம்பாள் மேடம் எதையும் லேசில் நம்பமாட்டார். திரும்பச் செய்யச் சொன்னார். செய்தோம். அதே பதில்தான். அப்புறம் அவரே சொக்கிப்போனார். "ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளம்தான் காரணம்" என்றார். "எல்லாரும் மொட்டை மாடியில நின்னுட்டிருந்தப்போ பள்ளிவாசல் பசங்க படகுல சோறு கொண்டுவந்தாங்க இல்ல? அதை ஜனங்க மறக்கல. ஒரு பேரிடர் ஒரு ஊரோட மனசையே மாத்தியிருக்கு. பெரிய ஃபைண்டிங் வினிதா!" கட்டுரை எழுதி அனுப்பினோம். டெல்லியில் ஒரு கருத்தரங்கில் வாசிக்க அழைத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் எந்த ஆராய்ச்சிக்காரிக்குத் தன் சொந்த ஊரைப் பற்றி இப்படி எழுதக் கிடைக்கும்?

அப்பாவிடம் சொன்னேன். அப்பா குப்புராஜ் ஒரு காலத்தில் நெல் போட்டவர். இப்போது நிலமெல்லாம் பிளாட் ஆகிவிட்டது, அவர் வீட்டு உரிமையாளர் சங்கத் தலைவர் ஆகிவிட்டார். என் படிப்பு என்னவென்று சாப்பிடும்போது அவ்வப்போது கேட்பார், நானும் விளக்கிச் சொல்வேன். மகள் ஃபோன் பேசியே டாக்டராகப் போகிறாள் என்று அவருக்கு ஒரே பெருமை. முடிச்சூர் முடிவைச் சொன்னபோது மீசையைத் தடவிக்கொண்டு, "நம்ம ஜனம் தங்கம்மா" என்றார்.

இதற்கிடையில்தான் ஆஃபியாவுக்கு நிஜமாகவே வீடு வேண்டியிருந்தது. பீர்க்கன்கரணையில் அவர்கள் இருந்த வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டப்போவதால் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவளும் அவள் அம்மா ஷரீஃபா ஆன்ட்டியும்தான். வீடு கிடைக்காவிட்டால் ஆம்பூரில் மாமா வீட்டுக்குப் போகவேண்டும். அங்கே போனால் படிப்பு அவ்வளவுதான். எங்கள் மாடி போர்ஷன் காலியாக இருந்தது. அங்கே வா என்றேன். ஆஃபியா ஒத்துக்கொள்ளவில்லை.

"சிபாரிசு வேணாம்டி. எல்லாரும் மாதிரி நானும் போர்டைப் பார்த்து, கதவைத் தட்டி, வீடு பிடிக்கணும். உங்க ஊர்லதான் அது முடியும். நம்ம டேட்டாவே சொல்லுதே!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் கிளம்பினோம். ஆராய்ச்சிக்கு எடுத்த எண்களைச் சொந்த வேலைக்குத் தொடக்கூடாது, மேடம் தோலை உரித்துவிடுவார். அதனால் சும்மா தெருத்தெருவாக நடந்தோம். முதல் போர்டு தொங்கிய வீட்டில் ஒருத்தர் குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஷரீஃபா ஆன்ட்டியின் புர்காவைப் பார்த்தார். ஹோஸ் அவர் கையிலேயே இருந்தது. தண்ணீர் அவர் செருப்பில் கொட்டியது.

"வூடா? அது போயிடுச்சேம்மா."

"போர்டு இருக்கே சார்?"

"கழட்டணும்."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். ஸ்பீக்கரில் பிரியாணி கேட்ட குரல் அது. ஏதோ நிஜமாகவே வாடகைக்குப் போயிருக்கும் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன். அடுத்த வீட்டில் ஜன்னல் திறந்து மூடியது, கதவு திறக்கவில்லை. அதற்கடுத்த வீட்டில் வெஜிடேரியனுக்குத்தான் தருவோம் என்றார்கள். உள்ளேயிருந்து மீன் குழம்பு வாசனை தெருவரைக்கும் வந்தது. ஆஃபியா பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஷரீஃபா ஆன்ட்டிதான், "வெயிலுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு வீடு பாத்துடலாம்" என்று எங்களைத் தேற்றினார்.

அடுத்த வீட்டு அம்மா ரத்தினபாய். பெயர் வாசலிலேயே எழுதியிருந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகத்தில் வெறுப்பு இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"ஏம்மா, நீங்க நெசமாவே வந்துட்டீங்களா?"

"ஏன்க்கா?" என்றாள் ஆஃபியா.

"ஃபோனு மட்டுந்தான் வரும், ஆளு வராதுன்னு சொன்னாரே குப்புராஜண்ணன்! ஆராய்ச்சியாமே. பாய் வூட்டுப் பேரு சொல்லிகினு யாருனா கேட்டா, குடுக்கறேன்னு சொல்லிடு, ஒண்ணியும் ஆவாது, எவரும் வரப்போறதில்லன்னாரு. சங்கத்துல எல்லாருகிட்டயும் சொல்லிகீறாரு. அவரு பொண்ணு எழுதற பரீட்சையாம். நாம மாத்திச் சொன்னா அது ஃபெயிலாயிடுமாம்." திடீரென்று அவருக்கே பயம் வந்துவிட்டது. என்னைப் பார்த்துக் கேட்டார். "நான் அன்னிக்கு சரியாத்தானேம்மா சொன்னேன்?"

என்னிடமே கேட்கிறார், நான்தான் குப்புராஜின் மகள் என்று தெரியாமல். வெள்ளம், படகு, மாறிய மனசு, டெல்லி எல்லாம் என் கண்ணெதிரே சரிந்தது. முடிச்சூர் சொன்ன அத்தனை ஆமாமும் என் அப்பா சொல்லிக்கொடுத்த ஆமாம். அதைக் கேட்டு இவள் கண் கலங்கினாளே என்று நினைத்தபோது எனக்கு அங்கேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. ஆஃபியாவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"வீடு இருக்கா இல்லையாக்கா?" என்று ஆஃபியா நிதானமாகக் கேட்டாள்.

"கீது. ஆனா எங்க வூட்டுக்காரரு..." என்றவர் அதை முடிக்காமலே உள்ளே போய்விட்டார்.

அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. பின்னாலேயே அவர்கள் இருவரும் வந்தார்கள். அப்பா கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாம்மா ஆஃபியா, வாங்கம்மா" என்று நல்லபடியாகவே வரவேற்றார். நான் வாசலிலிருந்தே கத்தினேன்.

"எல்லாருக்கும் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாப்பா?"

"ஆமா, நான்தான் சொன்னேன்." அவர் கொஞ்சமும் மறைக்கவில்லை. "இன்னா தப்பு அதுல? நம்ம ஊரு பேரு புஸ்தகத்துல வரப்போவுதுன்ன. கெட்ட பேரா வரணும்? உனக்கும் மார்க்கு வாணாமா?"

"இது பரீட்சை இல்லப்பா! இதுல மார்க்கே கிடையாது! அவங்க உண்மையா என்ன சொல்றாங்கன்னு பாக்கறதுதான் ஆராய்ச்சி."

"எல்லாரும் நல்ல பதிலா சொன்னா நல்லதுதானம்மா? உனக்காவ வெயில்ல ஒவ்வொரு வூடா ஏறி எறங்கனேன்."

அவர் முகத்தில் துளி கள்ளம் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. என் மேல் இருந்த பாசத்தில் ஊரையே ஒத்திகை பார்க்க வைத்திருக்கிறார். திட்டலாம் என்று வாயெடுத்தால் அழுகைதான் வந்தது. அழுகையை விழுங்கிக்கொண்டு கேட்டேன்.

"நம்ம மாடி காலியாத்தானே கீது?"

ஆஃபியா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "வேணாம் வினிதா."

"ஆஃபியாவுக்கும் ஆன்ட்டிக்கும் குடுங்கப்பா. மாசக் கடைசிக்குள்ள அவங்களுக்கு வீடு வேணும்."

"அதுக்கின்னாம்மா, தாராளமா..." என்று அப்பா சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். அப்படியே நின்றார். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கண் மட்டும் ஆன்ட்டியின் புர்காவுக்குப் போனது, எதிர் வீட்டு பால்கனிக்குப் போனது, கடைசியில் என் கையிலிருந்த ஃபோனுக்கு வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இரும்மா. இத்த ஆராய்ச்சிக்கிக் கேக்கறியா, நெசமாவே கேக்கறியா?"

ஆஃபியாதான் பேசினாள்.

"ரெண்டுக்கும் ஒரே பதில் சொல்லுங்க அங்கிள். அது போதும்."

அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஷரீஃபா ஆன்ட்டி ஓர் அடி முன்னால் வந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நல்ல பதில் ஒன்று வரும் என்று உண்மையாகவே காத்திருந்தார். அப்பா வாயை மூடிக்கொண்டு பேப்பரை மடிக்க ஆரம்பித்தார்.

"வர்றோம்ண்ணா" என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.